மாற்றொணாப் பேரேடும் சட்டத்தின் ஆணையும்

சட்டத்துக்கு வலிமை எங்கிருந்து வருகின்றது என்பது சட்டநூலாரை நெடுங்காலம் வருத்திய வினா. ஆங்கில நாட்டுச் சட்ட அறிஞராகிய ஜோன் ஒஸ்ரின், 1832 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தண்டிக்கும் ஆற்றலுடைய இறைமையாளனின் கட்டளையே சட்டம் என வரையறுத்தார். ஒக்ஸ்போர்ட் பேராசிரியர் எச். எல். ஏ. ஹார்ட், 1961 இல் வெளிவந்த ‘சட்டம் என்னும் கருத்து’ என்ற தமது நூலில் அவ்வரையறையை மறுத்தார். வழிப்பறிக்காரன் துப்பாக்கியை நீட்டிப் பணம் கேட்பதும் கட்டளையே. ஆயினும் அதனைச் சட்டம் என்பார் எவருமிலர். மக்கள் இன்னது செய்க, இன்னது செய்யற்க எனக் கூறும் விதிகள் ஒருபுறம் இருக்க, அவ்விதிகள் எவை என இனங்காணவும், அவற்றை மாற்றவும், அவை மீறப்பட்டனவா எனத் தீர்க்கவும் உரிய வேறு விதிகளும் ஒரு சமுதாயத்தில் அமைந்திருத்தல் வேண்டும் என்பது ஹார்ட்டின் கொள்கை. இப்பழைய வாதம் எதிர்பாராத ஓரிடத்தில் இன்று மீண்டும் உயிர்பெற்றுள்ளது. பிளொக்செயின் எனப்படும் கணினிப் பேரேட்டைப் போற்றுவோர், ஆள்வோனும் நீதிபதியும் இன்றியே விதிகள் தம்மைத் தாமே நிறைவேற்றிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது என்கின்றனர். அக்கூற்றின் பொருத்தப்பாட்டை அத்தொழினுட்பத்தின் வரலாற்றைக் கொண்டே அளந்தறிதல் தகும்.

பேரேட்டின் அமைப்பை முதலில் சுருங்கக் காண்போர்க்குப் பின்வருவன எளிதில் விளங்கும். சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 ஒக்ரோபர் 31 ஆம் நாள் ஒரு கட்டுரை வெளிவந்தது. வங்கியின் துணையின்றி ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பும் வழியை அது கூறிற்று. அதன்வழி பிறந்த பிற்கொயினின் முதற்கட்டு 2009 சனவரி 3 ஆம் நாள் எழுதப்பட்டது. கொடுக்கல் வாங்கல்கள் கட்டுக் கட்டாகப் பதியப்படும்; ஒவ்வொரு கட்டும் தனக்கு முந்திய கட்டின் கைரேகை போன்றதோர் எண்ணடையாளத்தைத் தன்னுள் தாங்கி நிற்கும். பழைய கட்டு ஒன்றில் ஓரெழுத்தை மாற்றினும் அதன் அடையாளம் மாறும். அதன்பின் வந்த கட்டுகள் யாவும் பொருந்தாமற் போகும். இவ்வேட்டின் படிகள் உலகெங்கும் பல்லாயிரம் கணினிகளில் இருத்தலின், ஒருவர் தம் படியைத் திருத்துவதாற் பயனில்லை. கந்தோர் எழுதுவினைஞர் ஒருவர் இரவோடிரவாக ஓர் ஏட்டைக் கிழித்து வேறொன்றை ஒட்டிவிடும் கேடு இங்கே நிகழாது. இஃது உண்மையான சிறப்பே. இதனை மறுத்து எழுதுவோர் தொழினுட்பத்தை அறியாதவர் என்றே கொள்ளப்படுவர்.

பேரேட்டின் மேல் ஒப்பந்தங்களையும் ஏற்றலாம் என்ற எண்ணம் அடுத்த படி. நிக் சாபோ என்பவர் 1990களில் ‘ஸ்மார்ட் கொன்ராக்ட்’ என்ற பெயரை வழங்கினார். தமிழில் தானியங்கு ஒப்பந்தம் எனலாம். காசு போட்டதும் பண்டத்தைத் தள்ளிவிடும் விற்பனைப் பொறியை அவர் உவமையாகக் காட்டினார். பொறி வழக்காடுவதில்லை, காசு விழுந்தால் பண்டம் விழும். உவமை அழகியதே. ஆயின் காசை விழுங்கிவிட்டுப் பண்டத்தைத் தராத பொறியை ஒருமுறையேனும் கையால் அடித்துப் பார்த்தவர்க்கு அதன் குறையும் தெரியும். பொறியை அடித்தும் பயனில்லையாயின் கடைக்காரரிடம் சென்று முறையிடுவர். சாபோவின் உவமையிற் கடைக்காரருக்கு இடம் வைக்கப்படவில்லை. 2015 சூலை 30 இல் தொடங்கிய எதீரியம் என்ற பேரேடு இத்தகைய ஒப்பந்தங்களை எவரும் எழுதி ஏற்றற்கு வழிசெய்தது.

இக்கூட்டத்தார் தம் கொள்கைக்கு ‘நிரலே சட்டம்’ என்ற முழக்கத்தைச் சூட்டிக்கொண்டனர். அம்முழக்கத்தின் பிறப்பு வேறு. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் லோறன்ஸ் லெசிக் 1999 இல் இணையவெளியின் சட்டங்களைப் பற்றி எழுதிய நூலில், கணினி நிரலும் சட்டத்தைப் போன்றே மனிதரைக் கட்டுப்படுத்துகின்றது. அதனை எழுதுவோர் எவர், எம்மதிப்புகளை உள்ளே வைத்து எழுதுகின்றனர் எனப் பொதுமக்கள் விழிப்போடு கேட்கவேண்டும் என்று எடுத்துரைத்தார். அவர் விடுத்தது எச்சரிக்கை. அடுத்த தலைமுறையினர் அதனைக் கொண்டாட்டமாக்கினர். பிறிமாவெரா டி பிலிப்பியும் ஆரன் றைற்றும் 2018 இல் ஹாவர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளியிட்ட ‘பிளொக்செயினும் சட்டமும்’ என்ற நூல் இப்பொருளில் நடுநிலையோடு எழுதப்பட்ட ஒன்று. அரசின் சட்டத்துக்கு அப்பால் நிரலே ஆளும் புதியதோர் ஒழுங்கு தோன்றுகின்றது என அவர்கள் கூறினும், இடையில் நிற்போரைப் பற்றிப்பிடித்து அரசு அதனைக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் ஒத்துக்கொள்கின்றனர். ஆயின் அந்நூல் அரசையும் நிரலையும் இரு முனைகளாக நிறுத்தி எதன் கை ஓங்கும் என்று பார்ப்பதிலேயே பெரிதும் ஈடுபடுகின்றது. நிரலின் ஆட்சிக்குள்ளேயே நீதிபதி ஒருவர் ஒளிந்திருக்கின்றார் என்ற செய்தி அதிற் போதிய அழுத்தம் பெறவில்லை. நூல் எழுதப்படுவதற்கு முன்னரே அச்செய்தி வெளிப்பட்டிருந்தது.

அது 2016 ஆம் ஆண்டு நிகழ்ச்சி. ‘த டாவோ’ என்ற பெயரில் எதீரியத்தின் மேல் ஒரு முதலீட்டு நிதியம் எழுப்பப்பட்டது. பணிப்பாளர் சபை இல்லை; அலுவலகம் இல்லை; எங்கே முதலிடுவது என்பதைப் பங்காளர் வாக்களித்துத் தீர்ப்பர்; நிறைவேற்றுவது நிரல். அவ்வாண்டு ஏப்ரில் முடிவிலிருந்து மே முடிவு வரை ஏறத்தாழ 15 கோடி டொலர் பெறுமதியான ஈதர் நாணயம் அதிற் குவிந்தது. நிதியத்தைப் பற்றிய விளக்கவுரைக்கும் நிரலுக்கும் முரண் தோன்றின் நிரலே மேலோங்கும் என்று அதன் நிபந்தனைகள் வெளிப்படையாகவே கூறின. எந்தச் சட்டத்தரணியும் இத்துணைத் துணிவோடு ஒரு வாசகத்தை எழுதியிரார்.

அவ்வாண்டு யூன் 17 ஆம் நாள் எவரோ ஒருவர் நிதியத்திலிருந்து 36 இலட்சம் ஈதரைத் தம்பக்கம் இழுத்துக்கொண்டார். பூட்டு எதுவும் உடைக்கப்படவில்லை. விலகிச் செல்லும் பங்காளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, அதன் பின்னரே அவர் கணக்கிற் கழிக்குமாறு நிரல் எழுதப்பட்டிருந்தது. காசாளர் பணத்தை எண்ணி நீட்டிவிட்டுப் பேரேட்டை எடுக்கத் திரும்பும்போது, வாங்கினவரே மீண்டும் வரிசையின் முதலில் நின்று கைநீட்டுவது போன்றது அது. கழிக்கப்படாத கணக்கைக் கண்ட நிரல் மீண்டும் மீண்டும் கொடுத்தது. எழுதப்பட்டபடியே எல்லாம் நடந்தது. ஆயின் எழுதியவர் கருதியது அதுவன்று. சில நாளில், தாமே அதனைச் செய்தவர் எனக் கூறிக்கொண்ட ஒருவரின் பெயரால் ஒரு பகிரங்கக் கடிதம் உலாவிற்று. நிரல் அனுமதித்ததையே தாம் செய்ததாகவும், அதனைப் பறிக்க முயல்வோர்மீது சட்ட நடவடிக்கை எடுக்கும் உரிமை தமக்கு உண்டெனவும் அதிற் கண்டிருந்தது. அக்கடிதம் உண்மையானதோ பொய்யானதோ, அதன் தருக்கத்தில் ஓட்டையில்லை. நிரலே சட்டமாயின் திருட்டு நிகழவேயில்லை. அத்தருக்கத்தைப் பாதுகாக்க அவர் நீதிமன்றத்தை நாடுவதாக மிரட்டியதுதான் வேடிக்கை.

இழுக்கப்பட்ட நாணயத்தை வெளியே எடுக்கச் சில வாரம் காத்திருக்கவேண்டும் என்ற விதி நிரலில் இருந்தமையால் இடைவெளி கிடைத்தது. மென்பொருளை ஆக்கியோரும் பேரேட்டைப் பேணும் கணினிகளை நடத்துவோரும் கூடிக் கலந்தனர். நாணயம் வைத்திருப்போரிடையே நடந்த வாக்கெடுப்பிற் சிறுபகுதியினரே பங்குகொண்டனர். முடிவில், 2016 சூலை 20 ஆம் நாள், 19,20,000 ஆவது கட்டில் விதி மாற்றப்பட்டது. நாணயம் இழந்தவர்க்குத் திரும்பும்படி பேரேடு திருத்தப்பட்டது. அதற்கு இசையாதோர் பழைய ஏட்டையே தொடர்ந்து எழுதி, எதீரியம் கிளாசிக் என்ற பெயரில் இன்றும் நடத்துகின்றனர். மாற்றொணாதது எனப்பட்ட பேரேடு பிறந்து ஓராண்டு நிரம்புமுன்னரே இரண்டாயிற்று.

இழந்தவர்க்கு மீட்டுக் கொடுத்தது பிழையென்று சொல்வது கடினம். ஆராயத்தக்கது அது நடந்த முறை. ஹார்ட் கூறிய தீர்க்கும் விதியும் மாற்றும் விதியும் அங்கே இல்லை எனப்பட்டது. தேவை வந்ததும் அவை சில வாரங்களில் முளைத்தன. தீர்த்தவர் எவராலும் நியமிக்கப்படவில்லை. அவருட் சிலர் தாமே அந்நிதியத்திற் பணம் வைத்திருந்தவர். எதிர்த் தரப்பு அழைக்கப்படவுமில்லை, கேட்கப்படவுமில்லை. இன்ன காரணத்தால் இவ்வாறு தீர்க்கப்பட்டது, இதுபோன்ற வழக்கு நாளை வரின் இவ்வாறே தீர்க்கப்படும் என எழுதி வைத்த தீர்ப்பும் இல்லை. அதனாலேயே பின்னர் வேறு நிரற்பிழைகளாற் பணம் இழந்தோர் அதே பேரேட்டில் அத்தகைய மீட்சியைப் பெறவில்லை. 2017 நவம்பரில் பரிற்றி என்ற நிறுவனத்தின் பணப்பை நிரலில் நேர்ந்த பிழையால் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஈதர் எவராலும் தொடமுடியாதபடி உறைந்தது. அதனை மீட்கும் முன்மொழிவு ஏற்கப்படாது போயிற்று. முன்னவர்க்கு ஒரு நீதி, பின்னவர்க்கு வேறொரு நீதி. வேறுபாட்டுக்குக் காரணம் கேட்க ஓரிடமும் இல்லை. கோவலன் கொலையுண்ட பின்னரும் கண்ணகிக்குச் சென்று முறையிட ஓர் அரண்மனை வாயில் இருந்தது. சிலம்பை உடைத்துக் காட்ட ஓர் அவை இருந்தது. பரிற்றியிற் பணம் உறைந்தோர் எந்த வாயிலுக்குச் செல்வர்?

இதனோடு ஒப்பிடத்தக்கது சிங்கப்பூர் நீதிமன்றங்கள் தீர்த்த ஒரு வழக்கு. குவொயின் என்ற கொம்பனி மின்னாணயச் சந்தையொன்றை நடத்தியது. பி2சி2 என்ற கொம்பனி தன் கணினி நிரலைக் கொண்டு அதில் வாங்கி விற்றது. இருபக்கமும் மனிதர் கை படாத வணிகம். அப்பரிமாற்றங்கள் பிளொக்செயினில் நிகழ்ந்தனவல்ல, சந்தையை நடத்திய கொம்பனியின் கணினியிலேயே நிகழ்ந்தன. எனினும் நிரலும் நிரலும் செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்ற அளவில் வினா ஒன்றே. 2017 ஏப்ரில் 19 ஆம் நாள் குவொயினின் முறைமையில், செய்யவேண்டிய மாற்றமொன்று செய்யப்படாமையால் வெளிச் சந்தையின் விலைகள் வந்துசேரவில்லை. சந்தையில் விற்போர் அருகினர். கடனுக்கு வணிகம் செய்த இரு வாடிக்கையாளரின் கணக்குகளை முறைமை தானாகவே முடிக்கத் தொடங்கி, கிடைத்த விலைக்கு ஈதரை வாங்கிற்று. விலைத்தரவு போதாதவிடத்து ஓர் ஈதருக்கு 10 பிற்கொயின் எனக் கேட்கும்படி பி2சி2 இன் நிரலர் முன்னரே எழுதியிருந்தார். அன்றைய உண்மை விலை 0.04 பிற்கொயின் அளவே. 250 மடங்கு விலைக்கு வணிகம் முடிந்தது. ஏறத்தாழ 309 ஈதருக்கு 3,092 பிற்கொயின் கைமாறியது. மறுநாள் இதனைக் கண்ட குவொயின் பரிமாற்றங்களை இரத்துச் செய்து முன்னிருந்தபடி ஆக்கிற்று.

வழக்கு மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று 2020 பெப்ரவரியில் முடிந்தது. நிறைவேறிய கட்டளை திருப்பமுடியாதது என்று குவொயினின் சொந்த நிபந்தனைகளே கூறியமையின், அது திருப்பியது ஒப்பந்த மீறல் என்று நீதியரசர்கள் பெரும்பான்மையாகத் தீர்த்தனர். தவறு என்ற எதிர்வாதமும் ஏற்கப்படவில்லை. நிரலுக்கு அறிவு இல்லை. ஆகவே அதனை எழுதியவர் எழுதியபோது எதனை எண்ணினார் என்று காணவேண்டும். மறுபக்கத்தார் தவறு செய்வர் என அறிந்து அதனைப் பயன்படுத்த அவர் எழுதினாரல்லர் என்பது அவர்கள் கண்ட முடிவு. மான்ஸ் பிரபு மட்டும் மாறுபட்டார். நேர்மையும் நிதானமுமுள்ள வணிகர் ஒருவர் அவ்விலையைக் கண்டிருந்தால் ஏதோ பெரும்பிழை நேர்ந்துள்ளது என உடனே உணர்ந்திருப்பார். கணினி நடுவில் வந்ததற்காக அவ்வுணர்வைச் சட்டம் கைவிடலாகாது என்பது அவர் வாதம்.

விந்தை இங்கேதான் உள்ளது. எதனையும் திருப்புவதில்லை எனச் சபதம் செய்த பேரேடு திருப்பியது. திருப்பும் ஆற்றல் பெற்ற நீதிமன்றம், திருப்பலாகாது என்றது. வழக்கமாகச் சொல்லப்படும், நிரல் கடியது, சட்டம் நெகிழ்ந்தது என்ற பாகுபாடு இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் பொருந்தாது. தீர்ப்பின் நேர்மையை நோக்கின் மான்ஸ் பிரபுவின் கருத்தே வலியது எனத் தோன்றுகின்றது. எழுதிய நாளின் எண்ணத்தை மட்டும் தேடுவது, நிரலை எழுதியவர் எதனையும் எண்ணாதிருந்தாலே நன்மை அடைவார் என்ற நிலைக்கு இட்டுச்செல்லும். ஆயினும் பெரும்பான்மையோரின் தீர்ப்பிலும் ஒரு பெருஞ்செல்வம் உண்டு. அது அச்சில் உள்ளது. மாறுபட்டவரின் உரையும் அதனோடு சேர்ந்தே உள்ளது. தோற்றவர் ஏன் தோற்றார் என அறிவார். நாளை ஒரு மாணவன் அதனைப் படித்துப் பிழையெனக் காட்டலாம். மற்றொரு நீதிமன்றம் அவனோடு உடன்படலாம். எதீரியத்தின் 2016 முடிவை அவ்வாறு மேன்முறையீடு செய்ய எவராலும் இயலாது. செய்யக்கூடியது, பிரிந்துசென்று வேறோர் ஏடு எழுதுவது ஒன்றே.

மென்பொருளை ஆக்குவோர் இத்தகைய ஆற்றலுடையவராயின் அவர்க்குப் பொறுப்பும் உண்டா என்ற வினாவை இங்கிலாந்து மேன்முறையீட்டு நீதிமன்றம் 2023 இல் எதிர்கொண்டது. திறவுகோல் இழந்த நாணய உரிமையாளருக்கு அவர்கள் நம்பிக்கைப் பொறுப்பாளராக இருக்கக்கூடும் என்பது வாதிக்கத்தக்கதே எனக் கூறி வழக்கை விசாரணைக்கு விட்டது. அவ்வழக்கு முழு விசாரணை காணாமலே முடிந்தமை கற்போர்க்கு இழப்பு.

எவராலும் ஆளப்படாத நிரலைச் சட்டம் என்ன செய்யும்? அமெரிக்கத் திறைசேரி, பணத்தின் சுவடுகளைக் கலந்து மறைக்கும் டொர்னாடோ காஷ் என்ற நிரலின்மீது 2022 ஓகஸ்ற் 8 ஆம் நாள் தடை விதித்தது. 2024 நவம்பர் 26 இல் ஐந்தாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம், மாற்றவோ உடைமையாக்கவோ பிறரை விலக்கவோ இயலாத நிரல் எவருடைய ஆதனமும் ஆகாது. ஆதலால் ஆதனத்தைத் தடுக்கும் சட்டம் அதற்குச் செல்லாது என்றது. 2025 மார்ச்சில் தடை நீக்கப்பட்டது. நிரல் வென்றது என மகிழ்ந்தவர் பலர். ஆனால் அதனை ஆக்கியோருள் ஒருவருக்கு நெதர்லாந்து நீதிமன்றம் 2024 மே மாதத்திலேயே 64 மாதச் சிறை விதித்திருந்தது. மற்றொருவரை நியூயோர்க் யூரிமார் 2025 ஓகஸ்றில் ஒரு குற்றச்சாட்டிற் குற்றவாளியாகக் கண்டு, ஏனைய இரண்டில் ஒருமனப்படாது விட்டனர். பொருளைப் பிடிக்க முடியாத சட்டம் ஆளைப் பிடிக்கின்றது. நிரலரின் பார்வையில் இது பெரிய விடுதலையாகத் தோன்றாது.

மின்னாணயம் ஆதனமா என்பதில் நீதிமன்றங்கள் பெரும் இடர்ப்பாடு கொள்ளவில்லை. 2019 இல் இங்கிலாந்திலும் 2020 இல் நியூசிலாந்திலும் 2025 இல் சென்னை உயர்நீதிமன்றத்திலும் அஃது ஆதனமே எனக் கொள்ளப்பட்டது. இப்பகுதியில் விரித்துரைக்க அதிகமில்லை. பழைய கலத்திற் புதிய நீர் பெய்த கதையே.

விரித்துரைக்க வேண்டியது காணி. நிலவுரிமைப் பதிவேடுகளைப் பிளொக்செயினில் ஏற்றினால் மோசடி ஒழியும் என்ற பேச்சு பல நாடுகளில் எழுந்துள்ளது. ஜோர்ஜியா நாடு 2016 இல் இதனைத் தொடங்கியது. அங்கே பேரேட்டில் ஏறுவது அரசின் பதிவகம் வழங்கிய பத்திரத்தின் கைரேகை மட்டுமே. உரிமை யாருக்கு என்று தீர்ப்பது முன்போலப் பதிவகமும் நீதிமன்றமுமே. அந்த அளவில் அது பயனுள்ள காவல். அதற்கு மேலே சென்று ஏட்டிலுள்ள பெயரே முடிந்த உரிமை என்பாருக்கு, இலங்கையின் காணிச் சட்டம் நல்ல மறுமொழி தரும். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னும் இரு சாட்சிகள் முன்னும் ஒப்பமிடப்படாத காணி விற்பனை செல்லாது. 2006 ஆம் ஆண்டின் மின்னணுக் கொடுக்கல் வாங்கற் சட்டமும் காணி விற்பனையைத் தன் எல்லைக்கு வெளியே நிறுத்திற்று. காலத்துக்கு ஒவ்வாத பிடிவாதம் என இதனை நகைப்பது எளிது. நொத்தாரிசுவின் முன் ஒருவர் அமரும்போது அவர் யார், தன்னினைவோடு இருக்கின்றாரா, எவரேனும் கையைப் பிடித்து எழுதுவிக்கின்றனரா என்று இன்னொரு மனிதர் பார்க்கின்றார். எல்லா நொத்தாரிசுகளும் பார்க்கின்றனர் என்பதற்கில்லை. மோசடி உறுதிகள் இந்நாட்டில் புதுமையுமல்ல. ஆயினும் பாராதவரை வழக்கில் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். தேசவழமைக்குட்பட்ட காணியாயின், பங்காளருக்கும் உரித்தாளருக்கும் முன்வாங்கும் உரிமை உண்டு. 1947 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அதற்குரிய அறிவித்தலை வகுத்துள்ளது. வேலிக்கு அப்பாலுள்ள பங்காளனைக் கணினிப் பேரேடு அறியாது. அறிவிக்கப்பட்டாலன்றி அவனும் பேரேட்டை அறியான்.

இவை யாவற்றினும் பெரியதொன்று உண்டு. 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, பிறர் காணியைத் தன்னதாகவே பத்தாண்டு தடையின்றி ஆண்டவன் அதற்கு உரித்துடையவனாகலாம். இது ஒருவகையில் நிரலைப் போன்றதே. ஆண்டுகளை எண்ணும், காரணம் கேளாது. 1983 இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்கள் வீட்டையும் வளவையும் விட்டுப் பெயர்ந்தன. 1990 ஒக்ரோபரில் வடமாகாண முஸ்லிம்கள் ஒருசேர வெளியேற்றப்பட்டனர். உறுதிகள் எரிந்தன, பதிவேடுகள் அழிந்தன, திரும்பி வந்து வழக்கிட வழியில்லாதிருந்த காலத்திலும் பத்தாண்டு ஓடிக்கொண்டே இருந்தது. அழியாத பேரேடு அன்று இருந்திருப்பின் எரிந்த உறுதிகளை மீட்டிருக்கலாம். இதனை மறைப்பது நேர்மையாகாது. ஆயின் எண்ணுவதை நிறுத்தும்படி அப்பேரேட்டுக்கு யார் சொல்வது? 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை விசேட ஏற்பாடுகள் சட்டம், ஆயுதக் குழுக்களின் செயல்களாற் காணியை மீட்க நீதிமன்றம் செல்ல இயலாதிருந்தோருக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையுள்ள காலத்தைக் கணக்கிலிருந்து விலக்கிற்று. அது மிகத் தாமதித்தே வந்தது. போர்க்காலத்து வேறு காரணங்களால் இடம்பெயர்ந்தோருக்கு அதன் வாசகம் இடந்தருமா என்ற ஐயமும் நியாயமானதே. எதீரியத்தார் 19,20,000 ஆவது கட்டிலிருந்து ஏட்டை மாற்றியதற்கும் அதே ஆண்டில் இலங்கைப் பாராளுமன்றம் 26 ஆண்டுகளைக் கணக்கிலிருந்து நீக்கியதற்கும் செயலளவில் வேறுபாடு சிறிது. ஒன்றில் வாக்களித்தவர் நாணயம் வைத்திருந்தவர். மற்றொன்றில் வாக்களித்தவரைக் காணியிழந்தவர் அடுத்த தேர்தலில் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்கலாம். அச்சட்டத்தின் வாசகம் குறுகியது என்று வழக்கிடவும், திருத்தம் கோரவும், கோரிக்கை மறுக்கப்படின் மறுத்தவர் பெயரை அறிந்துகொள்ளவும் அவர்க்கு வழி திறந்துள்ளது.